கோணி ஊசியும் கிழிந்த உயிலும்

எங்கள் தெருவில் பஸ் சீட் தைக்கும் பட்டறை ஒன்றுதான். அதற்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. அங்கே தைக்கிறவளைக் கோணி ஊசி என்றுதான் தெருவே கூப்பிடும். கையில் எப்போதும் ஒரு சாண் நீளத்துக்கு ஊசி இருப்பது பாதிக் காரணம், மீதிக் காரணம் அவள் வாய். அந்தப் பெயரை முதலில் வைத்த டிரைவரின் சீட்டை அவள் ஒரு மாதம் தொடவே இல்லை. மனிதர் அதுவரை இரும்புச் சட்டத்தின் மேல் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினார்.

கிழிந்த சீட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விழுந்திருந்தால் பின் பாக்கெட்டில் பர்ஸ் வைக்கிறவர். முன் ஓரம் நைந்திருந்தால் குட்டையான ஆள், எட்டி எட்டி பிரேக் மிதிக்கிறவர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, இரண்டு பெண் குழந்தைகளோடு அந்தப் பட்டறைக்கு ஆணி பிடுங்கும் வேலைக்கு வந்தவள். பழைய சீட்டுகளைப் பிரித்துப் பிரித்தே தையலைப் பிடித்துக்கொண்டாள். பட்டறைக்காரப் பெரியவர் சொல்லிக்கொடுத்தது குறைவு, திட்டியதுதான் அதிகம். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு, கடைசி ஒன்பது வருஷமாகப் பட்டறையை நடத்தியது அவள்தான். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாகப் படிப்பார், அவள் மெஷினை ஓட்டிக்கொண்டே அதில் வருகிற எல்லோரையும் திட்டுவாள்.

பெரியவருக்குப் பிள்ளை இல்லை, மனைவியும் போய்விட்டார். சொந்தம் என்று இருந்தது ஒரு தம்பி மகன். வருஷத்துக்கு மூன்று முறை வந்து, பட்டறையைத் தலையிலிருந்து கால்வரை அளந்துவிட்டுப் போவான். பெரியவர் அவனுக்குத் தெரியாமல் ஆறு வருஷத்துக்கு முன்பே உயில் எழுதிவிட்டார். பட்டறையும் அதிலுள்ள மெஷின்களும் கோணி ஊசிக்கு. இரண்டு சாட்சிகள் பக்கத்தில் நின்று பார்க்கக் கையெழுத்துப் போட்ட, குறையில்லாத உயில் அது. பட்டறைக்கு மேலே அவர் குடியிருந்த மாடி வீட்டைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை.

போன வருஷம் ஒரு பஸ் கம்பெனி தன் வண்டிகள் அத்தனைக்கும் சீட் தைக்கும் வேலையை அவளிடமே கொடுத்தது. பெரியவருக்குத் தலைகால் புரியவில்லை. மாடியையும் அவளுக்கே கொடுக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். "பட்டறைய மட்டும் குடுத்தா இவ ராத்திரி அங்கயே ரெக்சின போத்திக்கிட்டுத் தூங்கிடுவா" என்று என்னிடம் சொன்னார். பட்டறை, மெஷின்கள், மாடி என்று மூன்றையும் சேர்த்து ஒரு புது உயில் தயாரானது.

இங்கேதான் நான் வருகிறேன். வராமல் இருந்திருக்கலாம். அன்றைக்குக் காலையில் சீட்டுக்காகக் காத்திருந்த ஒரு டிரைவரின் கண் முன்னால் பெரியவர் கையெழுத்துப் போட, டிரைவர் முதல் சாட்சி ஆனார். இரண்டாவது சாட்சி நான் என்று பேச்சு. நான் சாலையைக் கடந்து போயிருக்க வேண்டும். ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்கி, கையெல்லாம் மையாக நின்றுகொண்டிருந்தேன். டிரைவர் தாளை எடுத்துக்கொண்டு என் கடைக்கே வந்தார். பெரியவர் போட்டாயிற்று, நீங்கள் ஒன்று போடுங்கள் என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போட்டேன். என் கட்டைவிரல் மை அந்தத் தாளில் இன்றைக்கும் இருக்கிறது.

அந்த நேரத்தில் தம்பி மகனும் பட்டறையில் இருந்தான். புது உயில் திரும்பி வந்ததும் பெரியவர் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பழைய உயிலை எடுத்து நாலாகக் கிழித்துத் துணிக் கழிவுச் சாக்கில் போட்டார். பெரியப்பா யாருக்கு என்ன எழுதியிருந்தார் என்று பார்க்கிற ஆசையில் அவன் அந்தத் துண்டுகளைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டான்.

நாலு மாதத்தில் பெரியவர் போய்விட்டார். அடுத்த வாரமே தம்பி மகன் பட்டறைக்குப் பூட்டுப் போட்டான், வழக்கும் போட்டான். உயிலில் கையெழுத்து விழுவதை இரண்டு சாட்சிகளும் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதியவரே "இது நான் போட்டது" என்று அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரர் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. ஆக, புதியது செல்லாது. பழையது கிழிந்துபோயிற்று. உயிலே இல்லை, எல்லாம் எனக்கு என்றான்.

அவளுடைய இருபத்திரண்டு வருஷ உழைப்பை நான் ஒரு பேப்பர் சிக்கலுக்காகத் தொலைத்துவிட்டேன். அவள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில் ஒரு சீட்டை வைத்துத் தைக்கக்கூட இடமில்லை. என் கடையை ஒட்டிய அறையில் காகிதக் கட்டுகளை நகர்த்தி இடம் கொடுத்தேன். மெஷின்கள் எல்லாம் பூட்டுக்குள் இருக்க, எட்டு மாதம் அங்கே உட்கார்ந்து கையாலேயே தைத்தாள். ஜன்னல் வழியாக எதிரே அந்தப் பூட்டு தெரியும். அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின நாள், பார்த்தேன் என்றே சொல்லிவிடவா என்று அவளிடம் கேட்டேன். அவள் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"வேணாண்ணே. பொய் சொன்னா உங்க காது செவந்துடும், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரியும். உள்ளதச் சொல்லுங்க. மத்தத வக்கீலம்மா பாத்துப்பாங்க."

உள்ளதைச் சொன்னேன். கூண்டைவிட்டு இறங்கியபோது தம்பி மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அடுத்து அவன் ஏறினான். பெரியவர் தன் கையாலேயே, சுயநினைவோடுதான் பழைய உயிலைக் கிழித்தார் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவனுடையது. கண்ணாடித்தாள் உறையில் அந்த நாலு துண்டுகளையும் பத்திரமாகக் கொண்டுவந்து நீட்டினான். ஒரு எழுத்துக்கூடப் போகவில்லை, இரண்டு சாட்சிக் கையெழுத்தும் முழுசாக இருந்தன. எங்கள் வக்கீலம்மா அவசரப்படவே இல்லை. பெரியவருக்கு அப்போது நினைவு தடுமாறியிருக்குமோ என்று இழுத்தார்.

"அதெல்லாம் இல்லைங்க. ரொம்பத் தெளிவா இருந்தாரு."

தெளிவாக இருந்தார் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார் வக்கீலம்மா.

"பேசுனாரே. 'புதுசுல அவளுக்கு மாடியையும் சேத்து எழுதியாச்சு, இனிமே இந்தப் பழசு எதுக்கு'ன்னு சொல்லிட்டுத்தான் கிழிச்சாரு. என் காதால கேட்டேன்."

அவனுடைய வக்கீல் பேனாவை மூடிக் கீழே வைத்தார். தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது அவனுக்குத் தெரியவில்லை. இன்னும் தெளிவாக வேறு சொல்லவா என்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

தீர்ப்பு நாளில் நீதிபதி பொறுமையாகப் படித்தார். பெரியவர் கிழித்தது உண்மை. ஆனால் அவளுக்கு ஒன்றும் வேண்டாம் என்று கிழிக்கவில்லை, இன்னும் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று நம்பிக் கிழித்தார். அந்த நம்பிக்கை தவறாகிவிட்டது. புதியது செல்லாது என்று தெரிந்திருந்தால் பழையதைத் தொட்டிருக்கவே மாட்டார். அதற்கு எதிர்த்தரப்பின் சாட்சியமே போதும். புதியதை நம்பிச் செய்த ரத்து, புதியது இல்லையென்றால் ரத்தே ஆகாது. ஆகவே நாலு துண்டாக இருந்தாலும் பழைய உயில் செல்லும். பட்டறையும் மெஷின்களும் அவளுக்கு. பழைய உயிலில் இல்லாத மாடி மட்டும் தம்பி மகனுக்கு.

நான் அங்கேயே அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. அவன் உறையில் போட்டு வைக்காமல் இருந்திருந்தால் அந்தத் துண்டுகளைத் துணிக் கழிவோடு சேர்த்து எந்தச் சீட்டுக்குள்ளாவது தானே திணித்திருக்கக்கூடும், அதற்காக அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றாள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். மகள்கள் இரண்டு பேரும் பயந்துபோகிற அளவுக்குச் சிரித்தாள். அன்றைக்கே பூட்டு இறங்கியது. சாயங்காலத்துக்குள் எட்டு மாதத் தூசி தெருவுக்கு வந்தது, பாதி என் கடைக்குள்ளேயும் வந்தது. நான் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே தம்பி மகன் தன் மாடியைப் பார்க்க வந்துவிட்டான். அந்த மாடிக்கு வெளியே படி கிடையாது, பட்டறைக்குள்ளேதான் ஏற வேண்டும். கதவு பூட்டியிருந்தது. தெருவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். என் கடையில் உட்காரச் சொல்வேன் என்று எதிர்பார்த்தான், நான் சொல்லவில்லை. எட்டு மணிக்கு அவள் வந்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, பஸ் கம்பெனிக்கான நீல ரெக்சினைத் தரை முழுக்க விரித்து, சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தாள். அவன் வாசலிலேயே நின்றான். அவள் நிமிரவில்லை.

"மாடி உங்களுது, தாராளமா போய்ப் பாருங்க. செருப்பக் கழட்டிக் கையில வெச்சுக்குங்க. ஓரமாப் போங்க, என் ரெக்சின்ல கால் படக் கூடாது."

அவன் குனிந்து கழற்றினான். செருப்பை மார்போடு பிடித்துக்கொண்டு, சுவரை ஒட்டி ஒட்டி நடந்து படியேறினான். அவள் அடுத்த கோட்டைப் போட்டாள்.