ஏட்டுக் குதிரை

லிஃப்ட் அக்கா ஒன்றை நினைத்துவிட்டால் அதன் கால்மாடு தலைமாடு பார்க்காமல் விடமாட்டாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட வேலை செய்தவர்கள் வைத்த அந்தப் பெயர், ஓய்வு பெற்ற பிறகும் ஒட்டிக்கொண்டது. இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டின் கூரைமேல் எண்ணெய்க் கையோடு நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம், "பதறாதீங்க, கதவத் தள்ளாதீங்க, நான் இருக்கேன்" என்று குரல் கொடுத்தே அவள் காலம் போனது. கணவர் தையல்காரர். ஒரே மகள் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருந்தாள்.

தையல்காரரின் முழங்கால் மாடிப்படிக்கு மக்கர் செய்யவே, இருவரும் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறத் தீர்மானித்தார்கள். பாதிச் சாமானையாவது கழிக்க வேண்டும். அப்போதுதான் பரணிலிருந்து அந்த அட்டைப்பெட்டி இறங்கியது. உள்ளே சிறுவர்களுக்கான குதிரைப் புத்தகங்கள்.

ஒன்பது வயதில் மதில் ஏறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பாதம்வரை மாவுக்கட்டோடு மாதக்கணக்கில் அவள் படுத்திருந்தபோது வந்தவை அவை. அவளுடைய அத்தை ஒரு அச்சகத்தில் புத்தகம் தைக்கும் வேலையில் இருந்தாள். விற்பனைக்கு ஆகாது என்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கி வருவாள். ஒன்றில் அட்டை தலைகீழ். ஒன்றில் படமெல்லாம் மை அப்பிக் கறுப்பாகிக் கிடக்கும். இன்னொன்றில், பந்தயக் குதிரை வேலியை நோக்கிப் பாயும், மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினால் கத்திரிச் செடிக்கு எரு வைப்பது எப்படி என்று இருக்கும். கடைசி அத்தியாயம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ புத்தகத்தின் தாள்களைச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். அந்தக் கதையின் முடிவை அவள் படுத்தபடியே நாளுக்கு ஒரு விதமாகக் கட்டிக்கொண்டாள். பிரிய மனமில்லாத ஒரு முடிவும் கிடைத்தது: குதிரை வேலியைத் தாண்டி, பந்தயத்தையும் தாண்டி, கூட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும்.

கட்டுப் பிரித்த பிறகு லேசாகக் கால் சாய்ந்த நடைதான் வந்தது. குதிரை ஏறும் ஆசையை அவள் வெளியில் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும்.

பெட்டியைப் பார்த்ததும் மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, இதப் படிச்சுக் காட்டித்தானே எனக்குச் சோறு ஊட்டுவ. இத மட்டும் குடுத்துடாதம்மா."

"சரி. போகும்போது எடுத்துட்டுப் போ."

"எங்க வீட்டுல ஏதும்மா இடம்? இங்கயே இருக்கட்டும்."

"அப்ப என் வீடு என்ன, உன் குடோனா?"

தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "வித்துத் தொலைச்சுட்டு அப்புறம் மூக்கச் சிந்தாத. வச்சுக்கோ. என் துணி அலமாரில ஒரு தட்டு ஒழிச்சுத் தரேன்" என்றார். அவர் ஒரு தட்டை விட்டுக்கொடுப்பது சொத்தை எழுதி வைப்பதற்குச் சமம். புத்தகங்கள் புது வீட்டுக்கு வந்தன.

வந்த வாரமே ஒரு மத்தியானம் லிஃப்ட் அக்கா அதில் ஒன்றைப் பிரித்தாள். குதிரையின் இடப்பக்கமாகத்தான் அணுக வேண்டும், சேணத்தின் வாரை வயிற்றோடு இறுக்குவதற்கு முன் கழுத்தைத் தடவிக்கொடுக்க வேண்டும், முதுகைத் தேய்க்கும்போது முடியின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். வரி வரியாக மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். சொல்லிப் பார்த்தவளுக்குத் திடீரென்று கோபம் வந்தது. இத்தனை தெரிந்தும் அவள் கை இதுவரை ஒரு குதிரையைத் தொட்டதில்லை. ஏட்டுச் சுரைக்காயைச் சமைக்காமல் ஒரு ஆயுள் முழுக்க வைத்திருந்திருக்கிறாள்.

மறுநாள் பழைய புத்தகக் கடைக்குப் பெட்டியோடு போய் இறங்கினாள். கடைக்காரர் மெல்லிய மனிதர். ஒவ்வொரு புத்தகத்தையும் முகர்ந்து பார்த்தே விலை சொல்வார். கத்திரிச் செடிப் புத்தகத்தைப் புரட்டியதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இந்த மாதிரித் தப்பா தைச்சதத் தேடித் தேடி வாங்குறவங்க இருக்காங்கம்மா. சரியா தைச்ச பிரதிகூட நம்மகிட்ட இருக்கு. பாக்குறீங்களா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள் கையை நீட்டிவிட்டாள். நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். குதிரை வேலியைத் தாண்டியது, பந்தயத்தில் ஜெயித்தது, எல்லோரும் கை தட்டினார்கள்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. என்னோடது இதவிட நல்லா இருந்துச்சு." புத்தகத்தை அவரிடமே நீட்டினாள். "எல்லாத்தயும் எடுத்துக்கோங்க. ஒண்ணுகூட திருப்பி எடுத்துட்டுப் போகமாட்டேன்."

வந்த பணத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஊருக்கு வெளியே இருந்த குதிரைப் பயிற்சி மைதானத்துக்கு நேராக பஸ் ஏறினாள். அங்கே பயிற்சி கொடுத்தது வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசும் ஒரு பெண். அக்காவின் நடையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கம்மா, பாக்கலாம்" என்றாள். இனி வரமாட்டாள் என்று நினைத்திருப்பாள். அக்கா மறுநாளே டாக்டரின் சீட்டோடு போய் நின்றாள்.

வீட்டில் அன்று இரவுச் சாப்பாட்டுக்குத் தனியாகக் காரம் தேவைப்படவில்லை, பேச்சிலேயே இருந்தது.

"இந்த வயசுல கீழ விழுந்தா ஒட்டுமா?" என்றார் தையல்காரர்.

"ஒன்பது வயசுல மதில்ல இருந்து விழுந்தேன். அப்ப ஒட்டலயா?"

"அப்ப நான் இல்ல. இப்ப நான்தானே பாக்கணும்."

"பாருங்க. வேற என்ன வேலை உங்களுக்கு?"

மகள் போனில் பேசவே இல்லை. புத்தகம் போனது அவளுக்குக் குதிரையைவிடப் பெரிய விஷயம். அக்கா வலியப் போய்ச் சமாதானம் செய்யவும் இல்லை. எடுத்துக்கொள் என்று சொன்னபோது எடுத்திருக்கலாமே.

மைதானத்தில் முதலில் கொட்டில் சுத்தம் செய்யும் வேலைதான். சாணியை வாரி, வைக்கோலைப் பரப்பி, தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அவளுக்குக் கிடைத்தது ஒரு சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை, பெயருக்குத் தகுந்த சோம்பேறி: எல்லோரும் அதை 'மகாராணி' என்றார்கள். இடப்பக்கமாக அணுகினாள், மகாராணி அவள் சட்டைப் பொத்தானைக் கடித்துப் பிய்த்தது. கழுத்தைத் தடவினாள், காலை மிதித்தது. அதன் வாடையைப் பற்றி எந்தப் புத்தகமும் ஒரு வரி எழுதவில்லை. ஈர மண்ணும் வியர்வையும் கலந்த அந்த வாடை, குளித்த பிறகும் விரலிடுக்கில் இருந்தது. படுக்கையில் யாருக்கும் தெரியாமல் விரல்களை முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.

"வாசம் பிடிச்சது போதும், தூங்கு" என்றார் தையல்காரர் இருட்டில்.

ஏறி உட்காரவே பல வாரம் ஆனது. மரப்பலகை வைத்து, இடுப்பை இழுத்துப் பிடித்து ஏறினால், மகாராணி நின்ற இடத்தில் நிற்கும். "இதுக்கு பிரேக் மட்டும்தான் இருக்கும்போல" என்று அக்கா சொன்னபோது பயிற்சிப் பெண் முதன்முறையாகச் சிரித்தாள். நடக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் பறவை ஒன்று விருட்டென்று எழ, மகாராணி துள்ளியதில் அக்கா மணலில் விழுந்தாள். குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல், பக்கத்தில் வந்து அவள் தலைக்கவசத்தின் வாரையும் மென்று பார்த்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை. தொடை மட்டும் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியது.

செய்தி கேட்டு மகள் ஓடி வந்தாள். "இப்ப திருப்திதானே?"

"ம். திருப்தியாத்தான் இருக்கு."

மகள் கொஞ்ச நேரம் அவள் காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள். பிறகு மெதுவாக, "கடைக்குப் போய்ப் பாத்தேன்மா. யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்களாம்" என்றாள்.

அக்காவுக்கு எங்கோ சுருக்கென்றது. அவளும் ஒருநாள் புத்தக ஞாபகத்தில் அந்த அலமாரித் தட்டில் கையை விட்டு, வெறும் துணியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்திருந்தாள். அதை மகளிடம் சொன்னாள். "எனக்கும் தேடுது. அதுக்காக வித்தது தப்புன்னு நான் சொல்லமாட்டேன்."

மகள் ஒத்தடத் துணியை மறுபடி வெந்நீரில் நனைத்தாள்.

வீக்கம் வடிந்த அன்று, தையல்காரர் மெஷினிலிருந்து கனத்த துணியில் தைத்த ஒரு கால்சட்டையை எடுத்து நீட்டினார். தொடைப்பக்கம் இரட்டைத் துணி, இடுப்பில் பஞ்சு வைத்துத் தையல். அளவு எப்போது எடுத்தார் என்று அவள் கேட்கவில்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவருக்குத் தெரியாத அளவா?

"போகாதேன்னா கேக்கவா போற" என்றார். "கிழியாது. அது மட்டும் என் பொறுப்பு."

அந்த வாரம் மழை பெய்து மைதானம் நடுவே குட்டை கட்டியிருந்தது. மகாராணி குட்டையின் விளிம்புக்கு வந்ததும் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது.

"சுத்திக் கூட்டிட்டுப் போங்கம்மா" என்று பயிற்சிப் பெண் வேலிப் பக்கமிருந்து கத்தினாள்.

"இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அக்கா முழங்காலை இறுக்கினாள். கடிவாளத்தைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தூறல் மறுபடி பிடித்தது; அவள் இறங்கவில்லை, திருப்பவும் இல்லை. மகாராணி தலையை இரண்டு பக்கமும் ஆட்டியது, செருமியது, பெருமூச்சு விட்டது. பிறகு ஒரு காலைத் தூக்கித் தண்ணீரில் வைத்தது.