நான் நீக்கிய வரி

முனியாண்டி அண்ணனின் இரண்டு விரல்கள் போனதற்கு நானே காரணம். அவர் கண்கள் காரணமல்ல. இதுவரை எவரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

மலேசியாவின் கூலிமில் ஒரு தொழிற்சாலை. இயந்திரங்களைப் பராமரிப்பதற்கான குறிப்புகளை எழுதுவது என் பொறுப்பு. கணினிகள் அனைத்தும் லினக்ஸ். குறிப்பெழுத ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அடடா, எத்தனை ஆசையோடு தேடினேன்! தலைப்பு, அட்டவணை, தடித்த எழுத்து, வண்ணம்... எல்லாம் தரும் ஒன்றைப் பிடித்தேன்.

உடன் வேலை செய்த கலைவாணிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"அண்ணே, கீழ மெஷின் பக்கத்துல இருக்கறது பழைய கம்ப்யூட்டர் லா. வெறும் எழுத்த மட்டுந்தான் காட்டும். அங்க ஒரு தடவ திறந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

"எல்லாம் பாத்தாச்சு. நீ உன் கெர்ஜாவப் பாரு" என்றேன்.

பொய்! நான் பார்க்கவே இல்லை. மாடியிலிருந்து இறங்கச் சோம்பலா? இல்லை... இறங்கினால் என் தேர்வில் குறை தெரிந்துவிடுமோ என்ற பயம். இவள் சொல்லி நான் கேட்பதா என்ற வீம்பு வேறு.

பிறகு அழுத்து இயந்திரத்துக்குப் புது மோட்டார் வந்தது. பழையது நின்றால் நின்றதுதான். மின்சாரம் இருக்கும்போதே உள்ளே கைவிட்டுத் துடைக்கலாம். புதியதோ திடீரென்று தானே ஓடத் தொடங்கும். ஆகவே 'மின்சாரத்தை நிறுத்தாமல் துடைக்கலாம்' என்ற வரியின்மேல் குறுக்குக்கோடு இழுத்தேன். புதிய முறையை அடுத்த பக்கத்தில் எழுதினேன். என் திரையில் எவ்வளவு நேர்த்தியாக இருந்தது தெரியுமா!

கீழே போனது எழுத்து மட்டும். கோடு போகவில்லை.

சில நாள் கழித்து ஒரு முற்பகல், அழுத்து இயந்திரத்தின் பக்கமிருந்து ஓர் அலறல் மாடிவரை கேட்டது. எல்லாரும் அதை இயக்கிய முனியாண்டி அண்ணனிடம் ஓடினார்கள். நான்... நான் பக்கத்திலிருந்த பழைய கணினியிடம் ஓடினேன்! திரையில் அந்த வரி கோடில்லாமல் நின்றது. மாடியேறி, அந்த வரியை அடியோடு நீக்கி, புதிய குறிப்பைக் கீழே அனுப்பினேன். விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்தது அதைத்தான். கலைவாணி அதற்கு முன்பே பினாங்குக்கு வேலை மாறிப் போயிருந்தாள், கேட்க ஆளில்லை.

'கவனக்குறைவு' என்று முடிவெழுதி அண்ணனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

பக்கத்து ஊரான லூனாஸில் அவர் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன்? சொல்லிவிடத்தான் போனேன், நம்புங்கள்...

"தம்பி, அந்த வரிய நான் படிச்சேன் லா. சத்தியமா படிச்சேன். ஆனா அப்படி ஒரு வரியே இல்லேங்கறாங்களே... நீதான எழுதுன, நீ சொல்லு."

ஒரு சொல் போதும்.

"வயசாச்சுல்லண்ணே... கண்ண டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன். பாவி நான்!

அவர் நம்பிவிட்டார். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார். இனிமேல் தன் கண்ணை நம்பி எதுவும் செய்வதில்லையாம். மருந்து டப்பாவைக்கூட, நான் போகும் நாள்வரை பிரிக்காமல் வைத்திருந்து என்னிடம் நீட்டுகிறார்.

"நீ படிச்சுச் சொல்லு தம்பி. நீ சொன்னாத்தான் எனக்கு நிம்மதி."

நான் படித்துச் சொல்கிறேன். ஒருமுறையும் சரிபார்க்காமல், அப்படியே வாயில் போட்டு விழுங்குகிறார்.