பறிக்காமல் விட்ட மல்லிகை

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிவிட்டது. நினைவு மலர் என்றால் மறைந்தவரின் நல்ல குணங்களை மட்டுமே எழுதுவார்கள். அப்படி நான் எழுதினால் அம்மாவே எழுந்து வந்து, "என்னடி இது, பூசி மெழுகறே?" என்று ஏசுவார்கள். ஆகையால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில். தாத்தாவுக்கு மல்லிகைச் சாகுபடி. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அப்பாவைக் கட்டிக்கொண்டு மன்னார்புரத்துக்குக் குடிவந்தபோது, சீர்ப் பாத்திரங்களோடு நான்கு மல்லிகைப் பதியன்களும் வண்டியில் வந்தனவாம். வாடகை வீடுதான். ஆனால் சுற்றிலும் தாராளமாக இடம் இருந்தது. பங்குனி பிறந்துவிட்டால் வேம்பும் புங்கையும் பூத்துக் கொட்டும்; முன்பக்கம் மல்லிகைச் செடிகளில் இலை தெரியாது. தினமும் நாலு மணிக்கு அரும்பு பறித்து, விளக்கு வைப்பதற்குள் தொடுத்து, தெருவில் ஏழு வீட்டுக்கும் அம்மா கொடுத்துவிடுவார்கள். ஐம்பதுகளில் அந்தத் தெருவில் யாரும் பூ வாங்கியதே இல்லை.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் அது. நாலு வயதுத் தம்பிக்குக் காய்ச்சல். வெயில் சூடு என்று நினைத்து, சிணுங்கிய அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே அம்மா பூ கொடுக்கப் போனார்கள். அடுத்த வீட்டு அத்தை தம்பியை வாங்கி, தன் பத்து மாதக் குழந்தை கமலாவின் பக்கத்தில் உட்கார வைத்து விளையாட்டுக் காட்டினார். மறுநாள் காலையில் தம்பியின் நெற்றியில் முத்து போட்டிருந்தது. பெரியம்மை. கமலா பிறப்பதற்கு முன்னால் அம்மை குத்துகிறவர் தெருவுக்கு வந்த அன்று, ஊசி வலிக்குமே என்று அவனைக் கொல்லையில் ஒளித்து வைத்தவர்களும் அம்மாதான்.

"யாராச்சும் கேட்டா, தம்பி தாத்தா வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லு. வாய் தவறிச்சு, தோலை உரிச்சுடுவேன்" என்றார்கள். அம்மாவின் பயம் எனக்குத் தெரியும். அவர்களுடைய சின்ன வயதில், அம்மை கண்ட அவர்கள் தம்பியைச் சர்க்கார் ஆட்கள் வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே இருந்த தனிக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். போன பிள்ளை திரும்பவே இல்லை.

வேப்பிலையை வாசலில் செருகினால் தெரிந்துவிடும் என்று உள்ளறையில் செருகினார்கள். தாளிப்பு நின்றது. அப்பா ஒன்றும் நடக்காதது போல் சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தார். ஆனால் அம்மை போட்ட வீட்டில் பூவைப் பறிக்கவும் கூடாது, சூடவும் கூடாது. பறித்துக் குழியில் கொட்டியிருந்தாலாவது தப்பித்திருப்போம். மாரியாத்தா குடியிருக்கும் வீட்டில் அதைச் செய்ய அம்மாவுக்கு நெஞ்சில் துணிவில்லை. மூன்று நாள் அரும்புகள் செடியிலேயே மலர்ந்து, வாடி, தரையில் கிடந்தன. "உடம்பு சரியில்லைங்க" என்று அம்மா கதவு இடுக்கில் சொன்னதைத் தெரு நம்பிவிட்டது.

நான்காம் நாள் காலையில், அம்மை கண்ட வீடு உண்டா என்று தெருத்தெருவாக விசாரித்து வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"தம்பி எங்க பாப்பா?"

"தாத்தா வீட்டுக்குப் போயிருக்கான்."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை, செடியைப் பார்த்தார். "இந்த வீட்டுப் பூ தெரு முழுக்கப் போகுமே. ஏன் பறிக்காம கெடக்கு?"

அதற்குச் சொல்ல எனக்குப் பொய் கற்றுத் தரப்படவில்லை. அம்மா நிலைப்படிக்கு வந்து, "உள்ள வரப்படாதுங்க" என்றார்கள்.

"வரலம்மா. காய்ச்சல் கண்டதுக்கப்புறம் பையன்கிட்ட எந்தக் கொழந்தையாவது வந்துச்சா? இன்னிக்கே குத்தினா உசுரைக் காப்பாத்தப் பாக்கலாம். நாளைக்குன்னா எங்கையில இல்ல."

"சொன்னா எம் புள்ளைய விட்டுடுவீங்களா?"

"பொய் சொல்ல மாட்டேம்மா. வண்டி வரும்."

உள்ளே தம்பி தண்ணீர் கேட்டு முனகினான். அடுத்த வீட்டில் கமலா கையைத் தட்டிச் சிரிப்பது கேட்டது. அம்மாவின் விரல்கள் நிலைச்சட்டத்தை இறுக்கின. 'சொல்லாதீங்க அம்மா, சொல்லாதீங்க' என்று நான் மனசுக்குள் கதறினேன். இன்று வரை அதற்காக வெட்கப்படுகிறேன்.

"அடுத்த வீட்டுக் கொழந்த கமலாங்க" என்றார்கள் அம்மா. "தெரிஞ்சே மூணு நாளா வாயைத் தெறக்காம இருந்துட்டேன். ஓடுங்க, சீக்கிரம் போயிக் குத்துங்க."

மத்தியானம் வண்டி வந்தது. பெரியவர்களை ஏற்ற மாட்டோம் என்றார்கள் வண்டியோடு வந்த ஆட்கள். "என்னையும் ஏத்துங்க. இல்லாட்டி வண்டிய எம்மேல ஏத்திட்டுப் போங்க" என்று அம்மா சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஏற்றிக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்து அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். அவனுடைய இடது கண் போயிருந்தது. உயிர் இருந்தது.

கமலாவுக்கும் அம்மை போட்டது. ஊசி உயிரைக் காப்பாற்றியது. கன்னத்துத் தழும்புகளைத் தடுக்கவில்லை. இன்னும் முன்னாலேயே தெரிந்திருந்தால் அதுவும் வந்திருக்காது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அத்தையின் வாசலில் போய் நின்றார்கள். அத்தை கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வருஷ மழைக்காலம் முடியும்வரை அந்தக் கதவு சாத்தியே இருந்தது. பிறகு ஒருநாள் அத்தையே குழந்தையை ஏந்திக்கொண்டு வந்தார். "ஒங்க தோட்டத்துக்கு வரணும்னு அழுவுறா. எம் மனசு ஆறலைக்கா. ஆனா இவகிட்ட யாரும் எதுவும் சொல்லிட வேணாம்" என்றார்.

அதன்பின் அப்பா காலமானதும், ஒற்றைக் கண்ணோடு படித்துத் தம்பி ஆசிரியர் ஆனதும், அம்மா தையல் மிஷினைக் கட்டிக்கொண்டு எங்களைக் கரையேற்றியதும் நீங்கள் அறிந்தவை. படுத்த படுக்கையாக இருந்த எட்டு மாதமும் வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், இரத்தம் கொடுத்த பொன்மலைப் பிள்ளைகளுக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கமலா, உனக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. தினமும் வந்து அம்மாவுக்குக் கஞ்சி புகட்டினாய். நீ குனியும்போதெல்லாம் அம்மா ஏன் உன் கன்னத்தைத் தடவி அழுதார்கள் என்று என்னைக் கேட்டாய். வயசானால் அப்படித்தான் என்று மழுப்பினேன். "நான் போனப்பறம் அவகிட்ட சொல்லிடுடி. எனக்குத் தைரியம் வரல" என்பதுதான் அம்மா என்னிடம் கடைசியாகச் சொன்னது. சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் என் வீட்டுக்கு வந்து திட்டு. நான் கதவைத் திறந்தே வைத்திருப்பேன்.