ஆணியில் தொங்கிய சாவி

நந்திதுர்க்கில் மூடிக்கிடக்கும் ஒரு தங்கச் சுரங்கத்துக்குச் செய்திக்காகப் போயிருந்தேன். வாசலில் ஒல்லியான காவலாளி. காக்கிச் சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளிகள் டோக்கனைக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள்; மேலே வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அவர் அந்த வழக்கத்தை விடவில்லை. பார்க்க வருபவர்களும் ஆளுக்கொரு பொருளைக் கொடுக்க வேண்டும். என் கைக்கடிகாரத்தையும் உடன்வந்த புகைப்படக்காரரின் பைக் சாவியையும் ஆணிகளில் மாட்டினார்.

மாலையில் நான் மட்டும் வாசலுக்குத் திரும்பினேன். "போட்டோக்காரர் முன்னாடியே டீ குடிக்கப் போயிருப்பார்" என்றேன்.

"சாவி இங்கதான சார் தொங்குது? இன்னா, பறந்தா பூட்டாரு?" என்றபடி காவலாளி உள்ளே நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

இடிந்த கொட்டகையில் தரைப்பலகை உடைந்து, கால் மாட்டிக் கிடந்தார் புகைப்படக்காரர். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. இருவரும் தூக்கினோம். வெறும் சிராய்ப்புதான். எனக்கு உயிர் வந்தது.

"கேமராவ மட்டும் கெட்டியா புடிச்சிகினு கீறீங்களே, கால பாக்க வாணாமா?" என்று காவலாளி திட்ட, அவர் சிரித்துவிட்டார்.

கடிகாரத்தையும் சாவியையும் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது காவலாளியிடம் கேட்டேன்: "அந்தக் காலத்தில் யாராவது டோக்கனைத் திரும்ப எடுக்க வராமல் போனதுண்டா?"

"இன்னிக்கு ஆணி காலி சார். போய்ட்டு வாங்க."