ஞாயிற்றுக்கிழமை பேட்டரி

காலை 6.20. கோவையிலிருந்து முந்நூற்றைம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் குலுங்கித் தூத்துக்குடியில் இறங்கினோம்: நான், என் மனைவி சுமதி, கித்தார், மைக், பதினைந்து வாட் ஆம்ப்ளிபயர், அதற்குத் தீனி போட ஒரு சின்ன பேட்டரி. டிக்கெட் ஆளுக்கு 750 ரூபாய். சாமான்களுக்குத் தனி டிக்கெட் கேட்காத கண்டக்டர் நன்றாக இருக்கட்டும்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறுதோறும் கோவையில் ஒரு பூங்கா வாசலில் நான் வாசிப்பேன், சுமதி பாடுவாள். போன வருடம் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆனது. குரல் திரும்பிவிட்டது, ஆனால் மெல்லிசாக. குரலை உயர்த்திக் கத்தக் கூடாது, மைக் வைத்துப் பாடலாம் என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகியும் அவள் வாயே திறக்கவில்லை. கடைசியில் இந்த ஊரை அவளேதான் சொன்னாள்.

"நம்மளை ஒருத்தருக்கும் தெரியாத ஊரா இருக்கோணுமுங்க. மானம் போனாலும் அங்கயே போகட்டும்."

பகல் இனிமையாகப் போயிற்று. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த கூட்டத்தோடு நடந்தோம். இந்த ஊரின் முந்திரி இனிப்பான மக்ரூன் கால் கிலோ வாங்கி, பகலுக்கு எடுத்த லாட்ஜ் அறைக்குப் போவதற்குள் தீர்த்தோம். துறைமுகத்துப் பக்கம் கிரேன்கள் வெயிலில் சும்மா நின்றன. சுமதி மட்டும் அடிக்கடி மணி பார்த்தாள்.

மாலை 4.30. முத்துநகர் கடற்கரை. குடும்பம் குடும்பமாக ஜனம். ஆம்ப்ளிபயரை வைத்து சுவிட்சைத் தட்டினேன். மூச்சுப் பேச்சில்லை. பேட்டரியிலிருந்து வீட்டு மின்சாரம் மாதிரி 230 வோல்ட் எடுக்க ஒரு இன்வெர்ட்டர் வைத்திருந்தேன். பஸ் குலுக்கலில் அதன் பொத்தான் பைக்குள்ளேயே அமுங்கி, ராத்திரி முழுக்க ஓடி, பேட்டரியைச் சுத்தமாக உறிஞ்சியிருந்தது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் நான். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"விடுங்க. ஊருக்கே போயிரலாமுங்க" என்றாள் சுமதி. அவள் முகத்தில் வருத்தம் இல்லை, நிம்மதி இருந்தது. இன்றைக்குத் தப்பித்தால் இவள் இனி எப்போதும் தப்பித்துக்கொண்டே இருப்பாள்.

எங்களை இறக்கிவிட்ட ஆட்டோக்கார அண்ணாச்சி இன்னும் கிளம்பவில்லை. விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"இதுக்கா முழிக்கிய? இன்னைக்கு ஞாயித்துக்கெழமைல்லா. ஒரு போட்டும் கடலுக்குப் போவாது. திரேஸ்புரத்துல வீட்டுக்கு வீடு பேட்டரி சும்மா கெடக்கும். ஏறுங்க."

சுமதியைச் சாமான்களோடு விட்டுவிட்டு அந்த மீனவர் குடியிருப்புக்குப் பறந்தோம். ஞாயிறு கடலுக்குப் போவதில்லை என்பது இந்தக் கரையின் கட்டுப்பாடு. ஆறு நாள் படகில் விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் உழைக்கும் பேட்டரி ஏழாம் நாள் வீட்டு மூலையில் ஓய்வெடுக்கிறது. அண்ணாச்சிக்குத் தெரிந்த ரெமி என்ற படகுக்காரர் கைலியை மடித்துக் கட்டியபடி வெளியே வந்தார்.

"தாரேன். ஆனா எம் பேட்டரி தனியா எங்கயும் போவாது, நானும் வாரேன். ஏழு மணிக்குத் திரும்பணும். சார்ஜு போட்டாத்தான் விடியமுன்ன கடலுக்குப் போவ முடியும்."

இருபது கிலோ பேட்டரியைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தார்.

5.25. நான் இன்வெர்ட்டரை மாட்டப் போக, ரெமி ஆம்ப்ளிபயரின் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுலயும் பன்னெண்டு வோல்ட்டுன்னுதான போட்டிருக்கு? எம் பேட்டரியும் பன்னெண்டு. பெறவு என்னத்துக்கு இந்த டப்பா? பன்னெண்ட இருநூத்தி முப்பது ஆக்கி, மறுபடியும் பன்னெண்டு ஆக்குதிய. படகுல எல்லாம் நேராத்தான் குடுப்போம்."

அவர் சொன்னது சரிதான். நேராகக் கொடுக்க வேண்டுமென்றால் அடாப்டர் வயரை வெட்ட வேண்டும். பிளஸ்ஸும் மைனஸும் மாறினால் ஆம்ப்ளிபயர் போச்சு, பாட்டும் போச்சு. சுமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெட்டினேன். கித்தார் சாமான்கள் பலவற்றில் பிளஸ், மைனஸ் தலைகீழாக இருக்கும். அடாப்டர் பின்னுக்கு உள்ளே மைனஸ், வெளியே பிளஸ். பையிலிருந்த மீட்டரை வைத்து இரண்டு முறை பார்த்தேன். அண்ணாச்சி ஆட்டோ டப்பாவிலிருந்து ஒரு பியூஸ் எடுத்துக் கொடுத்தார். அதை நடுவில் சேர்த்து, வயரைக் கிளிப் போட்டுப் பேட்டரியில் மாட்டினேன். ஆம்ப்ளிபயரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

இத்தனை வருடமும் இன்வெர்ட்டர் 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டே இருக்கும். அதையும் பாட்டில் சேர்த்தே கேட்டுப் பழகியிருந்தோம். இப்போது அது இல்லை. சுமதி மைக்கைப் பிடித்தவள் திடுக்கிட்டாள்.

"ஏனுங்க, நான் மூச்சு விடறது கேக்குதுங்க."

"மூச்சே கேக்குதுன்னா பாட்டு கேக்காதா? பாடுங்கம்மா" என்றார் ரெமி.

பாடினாள். முதல் பாட்டிலேயே மேல் சுரத்தில் குரல் உடைந்தது. நிறுத்தினாள். சுண்டல் தின்றுகொண்டிருந்த கூட்டம் காத்திருந்தது. கழுத்துத் தழும்பைத் தொட்டுக்கொண்டவள், "கொஞ்சம் கீழ புடிங்க" என்றாள் என்னிடம். இரண்டு கட்டை இறக்கினேன். அந்தச் சின்னக் குரல் கத்தாமல் கெஞ்சாமல் அத்தனை பேரையும் போய்ச் சேர்ந்தது. எனக்குக் கண்ணீர் மறைத்துவிட்டது, வாசிப்பில் இரண்டு இடம் தப்பு.

6.45. ரெமி எழுந்து மணலைத் தட்டினார். நான் கிளிப்பைக் கழற்றக் குனிந்தேன்.

"அண்ணா, இன்னும் ஒண்ணே ஒண்ணு பாடிக்கறனுங்க" என்றாள் சுமதி ரெமியிடம்.

"ஒண்ணுதான் கேட்டிய, ரெண்டாப் பாடுங்க. நான் சார்ஜ எப்படியும் ஏத்திக்கிடுவேன்" என்று ரெமி மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் இந்த ஒரு வருடமாக டிவியில் பாட்டு வந்தால் எழுந்து போய் நிறுத்திவிடுவாள். பஸ் நிலையத்துக்குத் திரும்பும்போது அண்ணாச்சி ஆட்டோவில் ஏதோ பழைய பாட்டுப் போட்டார். அவள் கூடவே பாடினாள். இன்ஜின் சத்தத்தில் எனக்குப் பாதி கேட்கவில்லை. தொண்டைக்கு ஓய்வு கொடு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல மனசு வரவில்லை, டாக்டர் மன்னிக்கட்டும்.