ஏலத்தில் போன என் மகள்

என் மகளை ஏலம் விட்ட கதையைப் பள்ளிக்கூடத்தில் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. டீச்சர் அளக்கிறார் என்று சிரிக்கிறார்கள். ஏலம் விட்டது உண்மை. ஏலம் கூறியது அவளைப் பெற்ற அப்பன் என்பதும் உண்மை. வேறொருவர் அவளை எடுத்துவிட்டார் என்பது அதைவிட உண்மை. இப்போது எழுதும்போதுகூட எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வருகிறது. அன்றைக்கும் அப்படித்தான் சிரித்தேன், நடுவில் ஐந்து நிமிடம் தவிர.

நாற்பத்தொரு வயதில் எனக்குக் குழந்தை பிறந்தது. கல்யாணமாகிப் பதினாலு வருடம் ஆகியிருந்தது. தருமபுரி ஆஸ்பத்திரியில் அவளைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் போட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. "இது என்னுதுங்களா" என்று நர்ஸை மூன்று முறை கேட்டேன். நான்காவது முறை கேட்டபோது அந்தப் பெண் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கிறுக்குத் தெளியவில்லை. முற்றித்தான் போனது. காரணமில்லாமல் சிரிப்பேன். தொட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். ஆனால் குழந்தையை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் சளி பிடித்திருக்கிறது, இப்போதுதான் பால் குடித்தாள், தூங்கப் போகிறாள் என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். உள்ளுக்குள் இருந்தது பயம். பதினாலு வருடம் இல்லை என்று சொன்ன கடவுள் திடீரென்று கொடுத்திருக்கிறார். கை மாறினால் அவர் மனசும் மாறிவிடுமோ என்று பயந்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டிக்குப் பக்கம். தெருவில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். அன்பியம் என்று அதற்குப் பெயர். அங்கே என் வயிற்றுக்காக எத்தனை வருடம் ஜெபித்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கில்லை. என் கர்ப்பப்பை என்னவோ தெருக்குழாய் மாதிரி, தண்ணீர் வருகிறதா வருகிறதா என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கண்ணை மூடி உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். அவர்களில் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர். கூலிக்குத் தக்காளி பறிக்கப் போகிறவர். மூன்று மகன்களும் வளர்ந்து பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். அதிகம் பேச மாட்டார்.

மகளுக்குப் பதினோரு மாதம் ஆனபோது அந்த அக்கா வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், ஒன்னு சொல்லணுங்க. கோவிச்சிக்கக் கூடாது."

"சொல்லுங்கக்கா."

"பாப்பா பொறந்தா அந்தோணியார் திருநாள்ல கோயில்ல வெச்சு ஏலம் வுட்டு எடுத்துக்கறோம்னு வேண்டிக்கிட்டனுங்க."

"யாரு எடுத்துக்கறதா வேண்டிக்கிட்டீங்க?"

"நீங்கதான். பெத்தவங்கதான எடுக்கணும்."

வழக்கம் எனக்குத் தெரியும். கேட்டுப் பெற்ற குழந்தையைப் புனிதருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு, பெற்றவர்களே ஏலத்தில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். மரியாதைக்கு வேறு யாரும் போட்டியாகக் கேட்க மாட்டார்கள். தெரிந்திருந்தும் எனக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறியது. என் பிள்ளையை ஏலம் விடுவதாக வேண்டிக்கொள்ள இவர் யார்? நேராகப் பங்குச் சாமியாரிடம் புகார் கொண்டுபோனேன். அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், மாதாவே மகனைக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போய் ஒப்புக்கொடுத்துட்டு, ரெண்டு புறாக்குஞ்சு காணிக்கை வெச்சுட்டுத்தான் திரும்பத் தூக்கிட்டு வந்தாங்க. உங்களுக்கு மட்டும் நேரா வீட்டுக்கு டெலிவரியா" என்றார். பிறகு, பணத்தில் ஏலம் கூடாது, திருநாள் சாப்பாட்டுக்கு அரிசியாகக் கேளுங்கள் என்று சொல்லி அடுத்த இட்லியை எடுத்துக்கொண்டார்.

திருநாளன்று பூசை முடிந்ததும் கோயிலுக்கு முன்னால் பந்தலில் எல்லோரும் உட்கார்ந்தோம். ஏற்பாடு சுலபமானது. சாமியாருக்குத் துணையாகக் கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் குழந்தையைத் தூக்கிக் காட்டி, யார் கேட்கிறீர்கள் என்பார். என் கணவர் ஒரு மூட்டை அரிசி என்பார். மூன்று தரம் சொன்னதும் குழந்தை எங்களிடம் வந்துவிடும். மூட்டைகூட பைக்கில் கட்டித் தயாராக இருந்தது. இரண்டு நிமிட வேலை.

ஆனால் முந்தின நாள் தேர்ப்பவனியில் பாடிப் பாடி உபதேசியாருக்குத் தொண்டை கட்டியிருந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மைக்கை என் கணவரிடம் நீட்டினார். "நீங்களே சொல்லிடுங்க தம்பி. உங்க தொழில்தான."

அங்கேதான் எல்லாம் கெட்டது. என் கணவர் பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏலம் கூறுகிறவர். வீட்டில் பேசுவதே தெரியாத மனிதர், ஏலம் என்று வந்துவிட்டால் ஆளே வேறு.

"வாங்க வாங்க, நல்லாப் பாத்துக்குங்க. கன்னம் எப்படிச் செவந்திருக்குது பாருங்க. ஒரு அடி இல்ல, ஒரு வெடிப்பு இல்ல. ஒரு மூட்டைன்னு நானே ஆரம்பிக்கறேன். ஒரு மூட்டை, ஒரு மூட்டை, மேல யாருங்க?"

பந்தலே சிரித்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மகள் அப்பன் குரலைக் கேட்டு இரண்டு கையையும் தட்டினாள்.

"ரெண்டு" என்றாள் அன்பியத்தில் பாட்டு எடுத்துக்கொடுக்கும் பெண், விளையாட்டுக்கு. பின்னாலிருந்து இன்னொருத்தி "மூணு" என்றாள். போட்டி வந்துவிட்டால் என் கணவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். முகம் பளபளவென்று ஆகிவிட்டது. போதும் நிறுத்துங்கள் என்று நான் இரண்டு கையையும் ஆட்டினேன். "டீச்சர் நாலுங்க" என்றார் மைக்கில்.

"ஆறு."

பக்கத்து வீட்டு அக்கா எழுந்து நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கூலி பேசி முடிக்கிற மாதிரி சொன்னார். ஆறு மூட்டை அரிசிக்கு அவர் எத்தனை நாள் குனிந்து தக்காளி பறிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏழு என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அந்த ஒரு சொல் வரவில்லை.

"ஆறு ஒரு தரம். ஆறு ரெண்டு தரம்."

என் கணவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. மண்டிக்காரர் கூட்டத்தைத்தான் பார்ப்பார்.

"ஆறு மூணு தரம்" என்று தொடையில் ஓங்கித் தட்டினார்.

தட்டிய கை தொடையிலேயே இருக்க, அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, பாப்பா போயிடுச்சே. இப்ப என்னா பண்றது" என்று கேட்டார். ரகசியமாகக் கேட்பதாக நினைப்பு. மைக் கையில் இருந்ததால் குழாய் ஒலிபெருக்கிகள் நான்கிலும் ஊர் எல்லை வரைக்கும் கேட்டது.

உபதேசியார் முறைப்படி நடக்கிறவர். நேராகப் போய்க் குழந்தையை அக்காவின் கையில் கொடுத்துவிட்டார். "ஏலம் ஏலந்தாங்க" என்று சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது. பதினோரு மாதமாக எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போய் அக்காவின் முன்னால் கையை நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்க்கவில்லை. மகளின் காதை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு மச்சம் இருக்குதுங்களே டீச்சர். இத்தன நாள் எட்டியே பாத்ததுல தெரியலைங்க."

பக்கத்து வீடு. பதினோரு மாதம். நீட்டிய கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "ஆறு மூட்டைக்கு எங்கக்கா போவீங்க" என்றேன்.

"எங்கயும் போவத் தேவையில்லைங்க. உங்களுக்குப் பாப்பா பொறக்கணும்னு அந்தோணியார் கெழமையான செவ்வாக்கெழம ஒருவேளைதான் சாப்பிடறது. பதிமூணு வருசமாங்க. அதுல மிஞ்சின அரிசிக் காச எடுத்து வெச்சிருக்கறனுங்க, ஆறு மூட்டைக்கு மேல வரும்."

சாதாரணமாகச் சொன்னார். நான் அவளைச் சுமந்தது பத்து மாதம். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது, கூடவே அந்தப் பழைய கிறுக்குச் சிரிப்பும் வந்தது. தேரில் அந்தோணியார் கையில் குழந்தை இயேசுவோடு நின்றிருந்தார். சின்ன வயதிலிருந்து பார்க்கும் சுரூபம். அந்தப் பிள்ளை யாருடையது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மாதாவுடையது. அவள் கொடுத்திருக்கிறாள். கொடுத்ததால் அவள் தாயாக இல்லாமல் போய்விடவில்லை. இதை நான் நாற்பது வருடம் கும்பிட்டிருக்கிறேன், பார்த்ததில்லை.

அதற்குள் பாட்டுக்காரப் பெண் வந்து ஒரு மூட்டை தன் பங்கு என்றாள். பின்வரிசைக்காரி ஒன்று என்றாள். என் கணவர் பைக்கில் இருந்த மூட்டையை இறக்கிக்கொண்டு வந்து, யார் காலடியில் வைப்பது என்று தெரியாமல் விழித்தார்.

மகள் சிணுங்க ஆரம்பித்தாள். அக்காவின் தோளில் மூக்கைத் தேய்த்தாள்.

"பசிக்குதுங்க போல. புடிங்க டீச்சர், உங்க பாப்பாவ."

நான் வாங்கிக்கொண்டேன்.

"உங்க பாப்பாதாங்கக்கா" என்றேன். "பால் குடுத்துட்டுத் திருப்பித் தர்றேன்."