மெர்போக் மலையிலிருந்து ஒரு பிடி மண்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு மலாக்காவில் மெர்லிமாவிலிருந்து புக்கிட் பெருவாங் வரைக்கும் நான் அஸ்திவாரம் போட்ட வீடுகளை எண்ணிக்கொண்டே நடந்தால் உங்களுக்குக் கால் வலிக்கும். பிளான் படிக்கத் தெரியாதே, எப்படிக் கட்டினீர்கள் என்று படித்தவர்கள் கேட்பார்கள். கல்லைப் படிக்கத் தெரியும் என்பேன். அதை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கடாரத்து மலையில், கூரையும் சாமியும் இல்லாத ஒரு கோயிலில் அரை நாள் நின்றேன். அதுவே போதுமாக இருந்தது.

அது மலாயாவை வெள்ளைக்காரன் ஆண்ட எமர்ஜென்சிக் காலம். மெர்லிமாவுக்கு உள்ளே தள்ளி இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், பால்மரங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த குடியிருப்பு லயங்களையெல்லாம் பிரித்து, ஆலைக்குப் பக்கத்தில் ஒன்றாக அடைத்து, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடக் கூடாதாம். காலையில் வேலைக்குப் போகும்போது கேட்டில் ஒவ்வொருவர் மடியையும் தடவிப் பார்த்துத்தான் விட்டார்கள். மனிதர்கள் நாங்கள் வேலிக்குள் வந்துவிட்டோம். மாரியம்மன் கோயில் வெளியே நின்றுவிட்டது. அந்தக் கோயில் வாசலிலேயே, காவல் வேலைக்குப் போயிருந்த எங்கள் லயத்து ஆள் ஒருவர் குண்டடிபட்டு விழுந்தார். நல்ல மனிதர். வருஷா வருஷம் தீச்சட்டி எடுத்தவர்.

வேலிக்குள் புதுக் கோயில் கட்ட துரை கேட்டுக்குப் பக்கத்தில் இடம் விட்டார். ஆடி பிறப்பதற்குள் முகூர்த்தக்கால் நடாவிட்டால் அங்கே உரக் கொட்டகை வந்துவிடும் என்றும் சொல்லிவிட்டார். கால் நட வேண்டுமானால் பிடிமண் வேண்டும். பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துவந்து புது இடத்தில் போட்டால்தான் தெய்வம் கூட வரும். எங்கள் ஆட்களின் வழக்கம் அப்படி. ஆனால் பூசாரி ஒப்பவில்லை.

"மனுச ரத்தம் விழுந்த மண்ணு. அதை அள்ளி ஆத்தா காலடியில போட எனக்குக் கை வராது" என்றார்.

தமிழ்நாட்டுக்கு எழுதிப் போட்டு வரவழைக்கலாம் என்றார்கள் சிலர். கப்பலில் மண் வந்து சேர்வதற்குள் உரக் கொட்டகைக்குக் கூரை வேய்ந்திருப்பார்கள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். என் அக்காவைக் கடாரத்தில், குனோங் ஜெராய் மலையடித் தோட்டம் ஒன்றில் கட்டிக் கொடுத்திருந்தது. அங்கே மெர்போக் பக்கம், மலைக் கம்பத்துக்கு, அதாவது மலாய்க்காரர் கிராமத்துக்கு, மேலே நம் ஆட்கள் கோயில் ஒன்று இடிந்து கிடக்கிறது என்று அத்தான் ஒரு தடவை சொல்லியிருந்தார். நான் பார்த்ததில்லை. பார்த்தவன் போலவே சொன்னேன்.

"ஆயிரம் வருசத்துக் கோயில். அங்கேருந்து கொண்டாரலாம்."

"நீ பாத்தியா?" என்றார் கங்காணி.

"பாக்காமலா சொல்லுறேன்? பத்துமலைக்கே அண்ணன்லா அது."

பூசாரி யோசித்தார். பழைய கோயில் என்றால் சரிதான் என்று ஒத்துக்கொண்டு, ஆனி கடைசி வெள்ளிக்கிழமை கால் நட நாள் குறித்து, முறைகளைச் சொன்னார். மண்வெட்டி படக்கூடாது, வெறும் கையால்தான் அள்ள வேண்டும். மஞ்சள் துணியில் கட்டி நெஞ்சோடு பிடிக்க வேண்டும். தரையிலோ மேசையிலோ வைக்கக்கூடாது. ஓடுகிற தண்ணீர் ஒன்றைத் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது.

கங்காணி சிரித்துவிட்டார். "பேசாம வரணுமா? அப்ப இவனை ஏன்யா அனுப்புறீங்க? தூக்கத்துலயே ரெண்டு பேருக்குப் பதில் சொல்லுறவன்." எல்லாரும் சிரித்து முடித்ததும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, வெறுங்கையோட வந்தேன்னு வையி, அப்புறம் இந்த வேலிக்குள்ள உன் பேச்சை ஒருத்தனும் காதுல வாங்க மாட்டான்."

தாய் தகப்பனை ஜப்பான்காரன் காலத்திலேயே இழந்தவன் நான். எனக்கென்று அந்தத் தோட்டத்தில் இருந்தது என் பேச்சு ஒன்றுதான். போனேன்.

தோட்டத்து ஆபீஸ் கிராணி எழுதிக் கொடுத்த கடுதாசியும் அடையாளக் கார்டும் சட்டைப் பையில். தம்பினில் ரயில் ஏறி, கோலாலம்பூரில் மாறி, மறுநாள் சுங்கை பட்டாணியில் இறங்கினேன். அத்தான் அங்கிருந்து சைக்கிளில் ஏற்றிப் போனார். மலைக் கம்பத்துக்குப் போகும் வழியில் ஓர் ஆறு, அதன்மேல் பலகைப் பாலம். பாலத்துக்கு அந்தப் புறம், மலைப் பக்கம், போலீஸ் சாவடி. உள்ளே போகிறவர்கள் பெயரைச் சொல்லிப் பதிந்துவிட்டுத்தான் போக வேண்டும். போகும்போது எங்களை எழுதிக்கொண்ட மாத்தா இளைஞர். அரிசி, மீன் டின் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார். போலீஸ்காரரை நாங்கள் மாத்தா என்றுதான் சொல்வோம்.

அழகான கம்பம் அது. மலைச்சரிவில் பத்திருபது வீடுகள், டுரியான் மரங்கள், வீட்டுக்கு வீடு மூங்கில் குழாயில் ஓடி வருகிற மலைத் தண்ணீர். அத்தானுக்குப் பழக்கமான மலாய்ப் பெரியவர் ஒருவர் எங்களைக் கூட்டிக்கொண்டு ஏறினார். பாக் சிக் என்று, சித்தப்பா முறை வைத்து, கூப்பிட்டோம். அறுபது வயதுக்கு மேலிருக்கும். ஆட்டுக்குட்டி மாதிரி ஏறினார். நான் வழியெல்லாம் மலாய் மொழியில் பேசிக்கொண்டே போனேன். மலாக்காவைப் பற்றி, எங்கள் தோட்டத்தைப் பற்றி, நான் ஒரு நாளைக்கு எத்தனை மரத்தில் பால் வெட்டுவேன் என்பதைப் பற்றி. அவர் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டு வந்தார்.

மேலே போய் நின்று சுற்றிப் பார்த்தேன். கோபுரம் இல்லை. வாசல் இல்லை. என் முழங்கால் உயரத்துக்குக் கருங்கல் சுவர், அதற்குள் சதுரமாக ஒரு மேடை, அவ்வளவுதான். இதையா பத்துமலைக்கு அண்ணன் என்று சொல்லிவிட்டு வந்தேன்?

பாக் சிக் இடுப்பிலிருந்த பாராங் கத்தியை உருவி, கல்லிடுக்கில் முளைத்திருந்த புல்லை வெட்ட ஆரம்பித்தார். நான் அந்தச் சுவரோரம் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் கல் கண்ணில் பட்டது. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே என் நகம் போகவில்லை. சுண்ணாம்பு இல்லை, சிமெண்டு இல்லை. கல்லைக் கல்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வரிசை வரிசையாகத் தூண் நின்ற பீடக் கற்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் குழி. மரத்தூண் மட்கிப் போயிருக்கிறது, குழி மட்டும் நேற்றுக் கொத்தியதுபோல் இருக்கிறது. பக்கத்தில் ஓடும் ஆற்றில் இறங்கிப் பார்த்தேன். பெரிய பாறைகளில் உளி வைத்த துளைகள் ஒரே கோட்டில் போகின்றன. அங்கேயே பிளந்து, அங்கிருந்தே மேலே ஏற்றியிருக்கிறார்கள். லாரி இல்லை, கிரேன் இல்லை.

மூங்கிலில் தண்ணீர் மொண்டு வந்து மேடையில் ஊற்றினேன். ஒரு சொட்டுத் தங்கவில்லை. முழுவதும் வடக்குப் பக்கக் கல் வாய்க்காலில் போய் விழுந்தது. நாற்பது வருஷமாகக் குளியலறை கட்டுகிறேன். என் ஆட்களை இன்றைக்கும் அப்படித் தண்ணீரை ஓடவிடச் சொல்லித்தான் திட்டுகிறேன்.

"ஏன் பாக் சிக் புல்லு வெட்டுறீங்க? இது உங்க கோயில் இல்லையே" என்று கேட்டேன்.

"எவனோ கஷ்டப்பட்டிருக்கான்" என்றார், நிமிராமல். "கஷ்டப்பட்டவன் வேலையைப் புல்லு மூடலாமா? இங்கேருந்து அம்மிக்குக் கல்லு வேணும்னு கேட்டு வந்தாங்க. ஆத்துல பாறைக்கா பஞ்சம்னு திருப்பி அனுப்பிட்டேன்."

அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யார் என்ன பெரிய படிப்புப் படித்திருந்தாலும் எனக்கு அவர் பெரிய ஆள்தான்.

பிறகு மேடையோரம் குத்துக்காலிட்டு, வெறும் கையால் ஒரு பிடி மண்ணை அள்ளி, மஞ்சள் துணியில் கட்டி நெஞ்சோடு பிடித்தேன். வாயை மூடினேன். பாதை ஆற்றைத் தாண்டாமல் கரையோடேயே போனது; மூன்று பேரும் இறங்கினோம்.

சாவடியில் இப்போது வேறு ஆள். மீசை வைத்த கோப்ரல். துப்பாக்கியோடு இரண்டு பேர்.

"பேரு?"

நான் பேசவில்லை. பாலம் இருபதடி தூரத்தில் இருந்தது. அத்தான் அவசரமாக என் பெயரைச் சொல்லி, கார்டை என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"உன்னையா கேட்டேன்? அவன் சொல்லட்டும்" என்றார் கோப்ரல். கார்டைப் பார்த்தார். "மலாக்காவுலேருந்து இந்த மலைக்கு என்ன வேலை? யாரைப் பாத்துட்டு வர்றே? அந்த மூட்டையை மேசையில வை."

நான் வைக்கவில்லை. துப்பாக்கி ஒன்று என் விலாவுக்கு வந்தது. "பேசிடுடா மச்சான். உசிரு போனா எந்தச் சாமி திருப்பிக் குடுக்கும்? இன்னொரு நாள் வந்து எடுத்துக்கலாம்" என்று அத்தான் தமிழில் கெஞ்சினார். இன்னொரு நாள் ஏது? வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. அதைச் சொல்லவும் வாய் இல்லை.

"வாயைத் தொறக்கலேன்னா லாரியில ஏத்தி லாக்கப்புக்கு அனுப்பிடுவேன்" என்றார் கோப்ரல்.

பாக் சிக் முன்னால் வந்தார். "கோப்ரல், காலையில இவன் மேலே ஏறுறப்ப பேசின பேச்சுல அட்டையெல்லாம் காட்டை விட்டு ஓடிடுச்சு. இப்ப வாயை மூடியிருக்கான்னா ஏதோ நேர்த்தி. மண்ணுதான், வேற ஒண்ணும் இல்லை. அவன் கையில வச்சே பிரிச்சுப் பாரு."

நான் முடிச்சை நெகிழ்த்தி நீட்டினேன். கோப்ரல் ஈர்க்குச்சியால் கிளறினார். மண்தான்.

"சரி. பேரு?"

"ஆத்தைத் தாண்டினா பேசுவானாம்" என்றார் பாக் சிக். வழியில் ஏறும்போது நானேதான் முறையெல்லாம் சொல்லியிருந்தேன். "துப்பாக்கியோட கூடவே போ. அந்தக் கரையில வச்சுக் கேளு. பேசலேன்னா லாரி இருக்கு, நானும் ஏறிக்கறேன்."

கோப்ரல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நட" என்றார்.

பலகைப் பாலத்தில் நான் முன்னால், துப்பாக்கி எனக்குப் பின்னால். திரும்பிப் பார்க்கவில்லை. அக்கரை மண்ணில் கால் பட்டதும் என் பெயரைச் சொன்னேன். அதோடு நின்றதா? தகப்பன் பெயர், தோட்டம், வேலி, வெளியே நின்ற கோயில், குண்டடிபட்டவர், உரக் கொட்டகை, அந்த மலைக் கல்லில் என் நகம் போகாதது, தண்ணீர் ஓடிய விதம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கோப்ரல் எழுதுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்.

"போதும்" என்றார். "பேசாம அந்தப் பக்கமே திரும்பப் போயி நில்லுடா, அங்கதான் வாயை மூடியிருந்தே."

துப்பாக்கிக்காரர்களும் சிரித்துவிட்டார்கள். கார்டைக் கையில் கொடுக்க முடியாமல் என் சட்டைப் பையில் அவரே செருகினார். பாக் சிக் பாலத்தின் மறு கோடியில் நின்று தலையை ஆட்டினார். எனக்காகத் தானும் லாரி ஏறுவதாகச் சொன்ன அந்த மனிதரை அதன்பிறகு நான் பார்க்கவில்லை.

ரயிலில் மடியை விட்டு இறக்காமல் மூட்டையைக் கொண்டுவந்து சேர்த்தேன். வெள்ளிக்கிழமை காலை, வேலிக்குள் தோண்டியிருந்த குழிக்குப் பக்கத்தில் பூசாரி அதைப் பிரித்தார். மண்ணோடு நகத்தளவு கல் சில்லு ஒன்று வந்திருந்தது. ஒரு பக்கம் உளி பட்டு வழவழவென்று இருந்தது.

"எடுத்துடவா?" என்றேன்.

"இருக்கட்டும்யா. அதுவும் கோயில்ல இருந்ததுதானே" என்று மொத்தத்தையும் குழிக்குள் விட்டார்.

கங்காணி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக் காலை நட்டோம். கொஞ்ச நேரத்தில் உர மூட்டைகளோடு லாரி கேட்டுக்குள் வந்தது. துரை எங்களையும் நட்ட காலையும் பார்த்தார். டிரைவருக்குக் கைகாட்டி, உரத்தை ஆலைக்குப் பின்னால் கொண்டுபோய் இறக்கச் சொன்னார்.